பக்கத்தில் நின்று கேட்பது

ஸ்பின்னிங் மில்லுக்குள் தூரத்தில் நின்றுகொண்டு யாரையும் எதையும் கேட்க முடியாது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் வரிசையாக ஓடும் ஹாலில் இரைச்சல் 90 டெசிபலைத் தொட்டு நிற்கும். பேச வேண்டுமென்றால் நடந்து போய், ஆளின் தோளோடு தோளாக நின்று, காதருகே குனிய வேண்டும். அப்படி நிற்கும்போது இரண்டு பேர் முகமும் மெஷினைப் பார்த்திருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், அந்த ஹாலின் மேஸ்திரியிடம் நான் கவனித்தது இதைத்தான். மற்ற அதிகாரிகள் தொழிலாளியைக் கண்ணாடிக் கேபினுக்குள் கூப்பிட்டு, மேஜைக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்பார்கள். மேஸ்திரி யாரையும் கூப்பிட மாட்டார். போய் நிற்பார்.

அவர் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. "எப்பலிருந்து இப்பிடி ஓடுது?" "நேத்து ஷிப்டுல எப்பிடி இருந்துச்சு?" "உனக்கு எது எடஞ்சலா இருக்குது?" கேட்ட பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய வித்தை என்று எனக்குப் புரிய நாளாயிற்று. பெரும்பாலான மேலதிகாரிகள் கேள்வியைக் கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லி, அதற்குத் திட்டும் கொடுத்து முடித்துவிடுவார்கள். தொழிலாளி தலையாட்டினால் போதும்.

ஒரு மார்கழி மாதத்து நைட் ஷிப்டு. கதவோரத்து ஃபிரேமில் நள்ளிரவு தாண்டினால் நூல் அறுபடுவது ஏறிக்கொண்டே போனது. அதை ஓட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஷிப்டு சூப்பர்வைசர் ரவுண்டு வந்தபோதெல்லாம் அவள் ஃபிரேமில் இல்லை. மெமோ எழுதிவிட்டார்: வேலை நேரத்தில் மெஷினை விட்டு விலகியதால் பிரேக்கேஜ் அதிகம். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவர் பார்த்தது உண்மை, கணக்கும் உண்மை.

மறுநாள் இரவு மேஸ்திரி அவள் பக்கத்தில் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மிணி, எந்தக் கோடியில மொதல்ல அறுகுது?"

அவள் கதவைக் காட்டினாள். "அந்தக் கோடிதானுங்க. கதவத் தொறந்து வச்சா அஞ்சு நிமிசத்துல ஆரம்பிச்சுருமுங்க."

"தொறந்து வைக்கறது யாரு?"

"கோன் வைண்டிங்குக்கு ட்ராலி தள்றவங்கங்க. ஸ்பிரிங்கு இல்லீங்க, கதவு தானா மூடறதில்ல. நாந்தான் போய்ப் போய் மூடிட்டு வாறனுங்க."

மெமோவில் எழுதப்பட்ட குற்றம் அவள் செய்துகொண்டிருந்த வைத்தியம். மெஷினை விட்டு அவள் போனது கதவை மூட.

பருத்திக்குக் காற்றில் ஈரம் வேண்டும். ரிங் ஃபிரேம் ஹாலில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இழைகள் படிந்து கிடக்கும். குறைந்தால் பஞ்சு வறண்டு சிலிர்க்கும், ரோலரில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுபடும். மார்கழி இரவின் வெளிக்காற்று தொட்டால் ஜில்லென்று ஈரமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குளிர்காற்று மெஷின் சூடு ஏறிய ஹாலுக்குள் வந்து வெதுவெதுப்பானதும் அதன் ஈரப்பதம் சரசரவென்று இறங்கிவிடும். கதவோரத்து ஸ்பிண்டில்களுக்கு முதலில் அடி. இந்தக் கணக்கை நான் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அந்தப் பெண் படித்ததில்லை. கதவுக்கும் நூலுக்கும் உள்ள உறவை அவள்தான் கண்டுபிடித்திருந்தாள். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

கதவின் ஸ்பிரிங்கை ஏன் கழற்றினார்கள் என்று மேஸ்திரி மேலும் கேட்டுக்கொண்டே போனார். கதவு திரும்பி வந்து ட்ராலியில் மோதி, நூல் சுற்றிய பாபின்கள் தரையில் கொட்டியிருக்கின்றன. ட்ராலி தள்ளுபவருக்கு அதற்காக ஒருமுறை திட்டு விழுந்திருக்கிறது. அவர் ஃபிட்டரிடம் சொல்லி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார். ஒரு இடத்தில் விழுந்த திட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நூலை அறுத்துக்கொண்டிருந்தது.

டொயோடா உற்பத்தி முறையை உருவாக்கிய தைச்சி ஓனோவைப் பற்றிப் பிறகு படித்தபோது, அவரும் நூல் உலகத்திலிருந்து வந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1932-இல் அவர் சேர்ந்தது டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில். மோட்டார் கம்பெனிக்கு மாறியது 1943-இல். அந்தக் குடும்பத்தின் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். கெட்டுப்போன துணியை நெய்துகொண்டே போவதைவிட நின்று பார்ப்பது மேல் என்ற எண்ணம் அந்தத் தறிக்குள் இருந்தது. ஓனோ அதை மனிதர்களிடம் கொண்டுவந்தார். தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மேனேஜரை அதற்குள் நிற்க வைத்து, மணிக்கணக்கில் வேலை நடப்பதைப் பார்க்கச் சொல்வாராம். ஏன் என்று ஐந்து முறை கேட்கும் முறையும் அவர் பெயரோடு சேர்ந்தது. அவர் புத்தகத்தில் தரும் உதாரணம் இது: மெஷின் நின்றுவிட்டது, ஃபியூஸ் போனதால். ஃபியூஸ் போனது பேரிங்கில் எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது பம்ப் சரியாக இறைக்காததால். பம்ப் இறைக்காதது அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது வடிகட்டி இல்லாமல் இரும்புத்தூள் உள்ளே போனதால்.

ஐந்து பதிலிலும் ஒரு மனிதனின் பெயர் கூட இல்லை. 'ஏன்' என்று அவர் கேட்டது மெஷினைப் பார்த்து. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் இந்த முறை அச்சடித்த படிவமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஐந்து கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில் நான் அதிகம் படித்த வாசகம்: ஆபரேட்டர் கவனக்குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. கேள்வி கேட்பதற்கென்று உண்டான ஒரு கருவியைத் தீர்ப்பு எழுதும் காகிதமாக ஆக்கிவிட்டோம்.

கேள்விக்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஆஸ்பத்திரிக் கதைகளிலும் கேட்டிருக்கிறேன். என் சித்தி அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தார். ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து வார்டு கதைகளைச் சொல்வார். ஒரே அளவில், ஒரே போல எழுத்துள்ள இரண்டு ஆம்ப்யூல்கள் ட்ரேயில் அடுத்தடுத்து இருக்கும். இரவு மூன்று மணிக்கு மங்கலான விளக்கில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கை எடுத்துவிடும். ஊசி போடுவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் மூச்சு திரும்பும். சித்தி வேலை பார்த்த ஒரு வார்டில் தலைமைச் சிஸ்டர், "ட்ரேயில எது எங்க இருந்துச்சும்மா?" என்று கேட்பாராம். கேட்டுவிட்டு இரண்டு மருந்தையும் வேறு வேறு தட்டில் வைக்கச் சொல்லிவிடுவாராம். இன்னொரு வார்டின் சிஸ்டருக்குக் கோபம் அதிகம். அங்கே தவறுகளைப் பதியும் ரிஜிஸ்தர் வெள்ளையாகவே இருக்கும். மேலிடத்தில் அந்த வார்டுக்குத்தான் நல்ல பெயர்.

எமி எட்மன்சன் என்ற ஆய்வாளரைப் பற்றி வாசித்தபோது சித்தியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 1990-களின் தொடக்கத்தில் அவர் ஹார்வர்டில் ஆய்வு மாணவி. நன்றாக ஒத்துழைக்கும் நர்ஸ் குழுக்கள் மருந்துத் தவறுகளைக் குறைவாகச் செய்யும் என்று எண்ணி ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார். கிடைத்தது நேர்மாறு. நல்ல குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம். திகைத்துப்போய் மறுபடி ஆராய்ந்தபோது, அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்ல முடிகிறது, மற்றவற்றில் மறைக்கிறார்கள் என்பது தெரியவந்தது. அந்த ஆய்வு 1996-இல் வெளியானது. இன்று உலகமெங்கும் அலுவலகங்களில் பேசப்படும் உளவியல் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. சித்தி கேட்டுவிட்டு, "இதுக்கு ஹார்வர்டுக்குப் போகணுமா, எங்க ரிஜிஸ்தரைப் பாத்தாலே போதுமே" என்றார். ஆனால் அவருக்குச் சந்தோஷம்தான். தான் கண்டதை வேறு ஒருவர் எண்ணிக் காட்டியிருக்கிறார்.

மில்லிலும் இதேதான். பிரேக்கேஜ் கணக்கை எடுப்பதற்கு ஒரு ஆள் ஃபிரேம் ஃபிரேமாகச் சுற்றி வருவார். அவர் வருவது தெரிந்ததும் ஓடி ஓடி நூலை ஒட்டிவிடுவார்கள். கணக்கு அழகாக இருக்கும், மெஷின் அப்படியே இருக்கும். மேஸ்திரியின் ஷிப்டில் மட்டும் கணக்கு மோசமாக இருந்ததற்குக் காரணம், அங்கே யாரும் ஓடவில்லை.

கவுண்ட், அதாவது நூலின் மெல்லிசைக் குறிக்கும் நம்பர், கலந்துபோவது மில்லில் பெரும் பாவம். 40-ஆம் நம்பர் நூலுக்கும் 60-ஆம் நம்பர் நூலுக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்வது கடினம். ஒரு பாபின் மாறி விழுந்தால் துணியாகிச் சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரியும். அதற்காகத்தான் ஒவ்வொரு கவுண்ட்டுக்கும் பாபின் நிறம் வேறு. எல்லா மில்லிலும் இருக்கும் இந்த ஏற்பாட்டை நான் பல காலம் அலங்காரம் போலப் பார்த்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் கதையைப் படித்த பிறகு அந்த நிறங்கள் வேறு மாதிரித் தெரிந்தன. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி சக்கரத்தை உள்ளே மடக்கிவிட, விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். பைலட் தவறு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1943-இல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இறக்கை மடலுக்கும் சக்கரத்துக்கும் உரிய இரண்டு கட்டுப்பாடுகள் பக்கத்தில் பக்கத்தில், தொட்டால் ஒன்று போலவே இருந்தன. சக்கரத்துக்குரியதில் ரப்பர்ச் சக்கரமும், மடலுக்குரியதில் ஆப்பு வடிவத் துண்டும் ஒட்டச் சொன்னார். இன்றைய பயணிகள் விமானத்திலும் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. போர் முடிந்ததும் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் இப்படிப் பைலட் தவறு என்று பெயர் வாங்கிய 460 அனுபவங்களை விமானிகளிடமே கேட்டுத் திரட்டி 1947-இல் அறிக்கை எழுதினார்கள். நிறம் மாற்றிய பாபின்களுக்குப் பின்னாலும், பெயர் தெரியாத எந்த மில்லிலோ, யாரோ ஒருவர் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

மேஸ்திரி கோபப்படாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. குடித்துவிட்டு மெஷினுக்குள் கையை விட வந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து மில் வாசலுக்கு வெளியே தள்ளியதை நான் பார்த்தேன். அங்கே கேள்விக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. விமானப் பாதுகாப்புத் துறையில் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள்: அதே பயிற்சி உள்ள வேறொருவரை அதே இடத்தில், அதே நேரத்தில் நிறுத்தினால் அவரும் இதையே செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை. மேஸ்திரி வாசிக்காமலே அந்தச் சோதனையை வைத்திருந்தார். தண்டனை வேண்டியது எப்போதோ ஒன்று. அந்த ஒன்றுக்காக ஹால் முழுவதையும் குற்றவாளிக் கூண்டாக்கி வைத்திருப்பதைத்தான் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார் வந்துவிட்டது. எந்த ஸ்பிண்டில், எத்தனை மணிக்கு, எத்தனை முறை அறுந்தது என்று திரையில் சிவப்பாக எரிகிறது. மில்லுக்கு இது பெரிய வரம், நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சூப்பர்வைசர்கள் நடப்பது குறைந்துவிட்டது. திரை அந்தக் கதவோரத்தைக் காட்டும், கதவைக் காட்டாது. ட்ராலி தள்ளியவருக்கு விழுந்த திட்டையும் காட்டாது.

இன்னொரு மாற்றம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்களில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஏராளம். பக்கத்தில் போய் நின்று கேட்டாலும் "டீக் ஹை சார்" என்றுதான் பதில் வரும். பாஷை ஒரு தடை. கேட்பவர் கையில்தான் சம்பளமும் லீவும் ஹாஸ்டல் அறையும் இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய தடை. ஷிப்டுக்கு ஒருவர், அவர்கள் பாஷை பேசுகிற மூத்த தொழிலாளி, அபராதம் போடவோ லீவு மறுக்கவோ அதிகாரம் இல்லாதவர், கேட்டுக் குறித்துக்கொள்வதே வேலையாகக் கொண்டவர் வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். சில இடங்களில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மில்லில் அப்படி வைத்த முதல் வாரமே வந்த குறிப்பு, ஃபிரேமுக்குப் பஞ்சு இழை ஊட்டும் ரோவிங் பாபினைத் தொங்கவிடும் இடம் கைக்கு எட்டவில்லை என்பது. ஒடிசாவிலிருந்து வந்த அந்தப் பெண்களை அதுவரை ஷிப்டு ரிப்போர்ட்டில் மந்தமானவர்கள் என்றே எழுதி வந்திருந்தார்கள். ஏறி நிற்க மேடை செய்துகொடுக்க மில் தச்சருக்கு ஒரு நாள் வேலைதான் ஆயிற்று.