பத்து வாசல்கள்

கும்பகோணத்தில் ஒரு பெருமாள் கோயிலின் சன்னிதித் தெருவில் வாழ்ந்த குடும்பம் அது. அவ்வீட்டுப் பெண்ணுக்கு 23 வயது. பட்டப்படிப்பு முடித்தவள். நியமம் என்றால் அவளுக்கு உயிர். மாலையில் விளக்கேற்ற ஐந்து நிமிடம் தாமதமானாலும் அன்று முழுவதும் முகம் வாடியிருக்கும். "நம் வீட்டுக் கடிகாரம் இவளைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறது" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஆண்டு ஐப்பசியில் அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தை மாதத்தில் முகூர்த்தம். மணமகன் அடுத்த தெருவைச் சேர்ந்தவன். பெண் பார்க்க வந்த அன்று அவன் கூச்சத்துடன் சிரித்த சிரிப்பு அவள் மனத்தில் தங்கிவிட்டது. அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

மார்கழி பிறந்தது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் வகுத்த நோன்பை அப்படியே அனுஷ்டிப்பதென்று அவள் சங்கல்பம் செய்துகொண்டாள். முப்பது நாளும் நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை. விடியுமுன் நீராடிக் கோயிலில் முதல் ஆளாக நிற்பாள். முப்பது பாசுரங்களையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சேவிப்பாள்.

அவனும் நாள்தோறும் வந்தான். ஆனால் தாமதமாக வந்தான். கோஷ்டி ஆறாம் பாசுரத்தையோ ஏழாம் பாசுரத்தையோ எட்டும்போதுதான் ஈரத் தலையுடன் வந்து கடைசித் தூணருகே நிற்பான். அது அவளுக்கு முள்ளாய்த் தைத்தது.

26ஆம் நாள் இரவு அவள் பாட்டியிடம் வந்து அமர்ந்தாள்.

"பாட்டி, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்."

"ஏன் குழந்தாய்?"

"இந்த மாதத்தில் 18 நாள் தாமதம். ஒரு நாள் சாற்றுமுறைக்குத்தான் வந்தார். பெருமாள் விஷயத்திலேயே ஒழுங்கில்லாதவருடன் எப்படிக் குடித்தனம் நடத்துவது?" சொல்லும்போதே அவள் குரல் கம்மிற்று.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டாம் பாசுரத்தில் என்னென்ன விலக்கு? சொல், கேட்போம்" என்றாள். அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறரைப் பற்றிக் கோள் சொல்லலாகாது என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது.

"நெய்யை விட்டாய். இதை விட மறந்துவிட்டாய்" என்றாள் பாட்டி. "போகட்டும். ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை ஆண்டாள் என்ன செய்கிறாள்?"

"தூங்கும் தோழியரை எழுப்புகிறாள்."

"முப்பதில் பத்துப் பாட்டு அதற்கே போய்விட்டது. அவள்தான் முதலில் விழித்தவள். தான் மட்டும் ஓடிப்போய்க் கண்ணனைச் சேவித்திருக்கலாமே? போகவில்லை. பத்து வாசலில் நின்றாள். நாளைக் காலை நீ நேரே கோயிலுக்குப் போகாதே. அடுத்த தெருக் கோடி வீட்டு வாசலுக்குப் போ."

மறுநாள் பனி மூடியிருந்தது. கோடி வீட்டில் தனியே வசிப்பவர், கண் பார்வை மங்கிய முதியவர். திண்ணையில் அமர்ந்து நடுங்கும் விரல்களால் தாமே திருமண் இட்டுக்கொண்டிருந்தார். பிறர் இட்டுவிட அவர் சம்மதிப்பதில்லை. வாசற்படியில் ஈரத் தலையுடன் அவன் நின்றிருந்தான்.

"நேரமாகிவிட்டதா அப்பா?" என்றார் முதியவர்.

"ஒன்றும் அவசரமில்லை தாத்தா. நிதானமாக இட்டுக்கொள்ளுங்கள்."

திரும்பியவன் அவளைக் கண்டு திகைத்தான். "உங்களுக்கு நேரமாகிவிடும். முன்னே போங்கள்" என்றான்.

"இல்லை. நானும் நிற்கிறேன்" என்றாள் அவள்.

மூவரும் கோயிலுக்குள் நுழைந்தபோது கோஷ்டி எட்டாம் பாசுரத்தில் இருந்தது. அவள் வாழ்விலேயே முதல் தாமதம் அது. கடைசித் தூணருகே நின்று சேவித்தாள். அடியார்களோடு கூடியே பகவானை அடைய வேண்டும் என்பதே தோழியரை எழுப்பும் பாசுரங்களுக்கு நம் பூர்வாசாரியர்கள் காட்டிய உட்பொருள். பல முறை உபன்யாசத்தில் கேட்ட அப்பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று.

அன்று கூடாரை. சாற்றுமுறை முடிந்து பட்டாச்சாரியார் அக்காரவடிசில் வழங்கினார். நெய் மிதக்கும் பிரசாதம் உள்ளங்கையில் விழுந்ததும் அவள் தயங்கினாள். சங்கல்பம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் நெய்யையும் பாலையும் விலக்கிய அதே ஆண்டாள்தான் 27ஆம் பாசுரத்தில் அணிகலன்களையும் புத்தாடையையும் கேட்டுப் பெற்று, நெய் வழிந்தோடும் பால்சோற்றை எல்லோரோடும் கூடியிருந்து உண்ணச் சொல்கிறாள். நோன்பு, அவன் வரும்வரை காத்திருப்பதற்காக ஏற்பட்டது. அவனே வந்து அருளிய பிறகும் விலக்கி வைப்பது, அவன் வரவை மதியாதது போலாகும்.

அவள் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டாள். நெய் மணிக்கட்டில் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. அருகில் முதியவரின் கையைத் தாங்கியபடி நின்றவன், அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். இம்முறை அவளும் சிரித்தாள்.

தை மாதத்தில் குறித்த முகூர்த்தத்தில் திருமணம் இனிதே நடந்தேறியது. அடுத்த மார்கழியிலும் அவள் நோன்பு நோற்றாள். நியமம் ஒன்றையும் குறைக்கவில்லை. விடியற்காலையில் கணவனுடன் கோடி வீட்டு வாசலில் போய் நிற்பது மட்டும் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தது.

நம் பேரக் குழந்தைகளுக்கு இரண்டாம் பாசுரத்தின் நியமங்களைக் கற்பிக்கும் நாம், ஆண்டாள் நின்ற அந்தப் பத்து வாசல்களையும் சேர்த்தே காட்டிவிடுவோமாக.