இலவச வண்டியும் இருபது ரூபாயும்



எங்க தெருவுக்கு மாசம் தவறாம ஒரு பொண்ணு வருது. தோள்ல ஒரு பை. பைக்குள்ள பிபி பாக்குற மெஷின், சர்க்கரை பாக்குற மெஷின், மாத்திரை. பக்கத்து ஊர்ப் பொண்ணுதான், மகளிர் குழுவுல இருந்து வந்த தன்னார்வலர். எங்கம்மாவுக்கு எண்பது வயசு ஆவுது. "ஆயா, கையை நீட்டு"ன்னு சொல்லி பட்டையைச் சுத்தும். "இறுக்காதடி, கை மரத்துப் போவுது"ன்னு அம்மா கத்தும். ரெண்டு பேருக்கும் இது வழக்கமாப் போச்சு. மாத்திரையை எண்ணிக் குடுத்துட்டு, அடுத்தது எங்க அண்ணன் வீட்டுக்குப் போவும்.

நகரத்துல இருக்குற உங்களுக்கு இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். மாத்திரை தீர்ந்தா தெருமுனை மருந்துக் கடையில வாங்கிக்குவீங்க. எங்க ஊர்ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு நடை. காலையில போனா மத்தியானம்தான் திரும்பணும். மாத்திரை இலவசம்தான், ஆனா ஒரு நாள் கூலி போயிடும். மல்லாட்டை பிடுங்குற சமயத்துல எவன் போவான்?

இதை எழுத ஒரு காரணம் இருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம்.

பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனத்தோட மருத்துவ வண்டி வந்துச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா. அரசமரத்தடியில நிக்கும். எங்க அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சதே அவங்கதான். தினம் ஒரு மாத்திரை குடுத்தாங்க. மூணு வருஷம் ஒழுங்கா போச்சு. அப்புறம் ஒரு நாள் ஊர்க் கூட்டம் போடச் சொன்னாங்க. வெளியில இருந்து வந்துக்கிட்டிருந்த பணம் மூணு வருஷத்தோட முடியுதுன்னும், வீட்டுக்கு மாசம் இருபது ரூபாய் குடுத்தா நர்ஸம்மா சம்பளத்துக்கும் டீசலுக்கும் பாதி தேறும், மீதிக்கு அலைஞ்சு பாக்குறோம்னும் சொன்னாங்க.

அன்னைக்கு எழுந்து பேசினது நான்தான். "இலவசம்னு சொல்லி வந்தவங்க இப்ப காசு கேக்குறாங்க. இன்னைக்கு இருபது, நாளைக்கு அம்பது. எங்க பேரச் சொல்லி எங்கெங்கயோ பணம் வாங்கினவங்கதானே"ன்னேன். ஊர்ல நாலு பேரு சிரிச்சாங்க. கை தட்டினாங்க. எங்க அண்ணனும் அங்கதான் உக்காந்திருந்தாரு, அவரும் கை தட்டினாரு. அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து வண்டி வரல.

அண்ணன் கையில இருந்த மாத்திரை தீர்ந்துச்சு. "தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, எதுக்கு மாத்திரை"ன்னாரு. இந்த நோய் அப்படித்தான். வலி இருந்தா மனுஷன் ஓடுவான், இது வலிக்காது. ஒன்றரை வருஷம் கழிச்சு, விடியகாலம் கழனியில தண்ணி கட்டிக்கிட்டிருந்தவரு வரப்புலயே சாஞ்சுட்டாரு. பக்கவாதம். உயிர் பொழைச்சாரு. வலது கை வரல. இன்னிக்கி வரைக்கும் அந்தக் கூட்டத்தைப் பத்தி அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டுட்டா பரவாயில்லன்னு தோணும்.

இருபது ரூபாய் குடுத்திருந்தா அண்ணனுக்கு எதுவும் வந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒரு வேலை எதனால நிக்குது, எதனால நிலைக்குதுன்னு அதுக்கு அப்புறம்தான் யோசிக்க ஆரம்பிச்சேன்.

போன தை மாசம் நாங்க கொஞ்சம் விவசாயிங்க சேர்ந்து தண்டராம்பட்டு, தானிப்பாடி வழியா தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கிக்குப் போனோம். அங்க இருக்குற இயற்கை விவசாயிகள் சங்கத்தோட சிறுதானிய வேலையைப் பாக்கத்தான் போனது. போன எடத்துல ஆஸ்பத்திரியையும் பாத்தோம். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி, புருஷன் பொண்டாட்டி. 1993-ல ஒரு கூரைக் குடிசையில தொடங்கினாங்க. அப்ப அந்தப் பள்ளத்தாக்குல பிறக்குற 1000 குழந்தையில 147 குழந்தை ஒரு வயசுக்குள்ள செத்துப் போச்சாம். இப்ப அது 20 வாக்குல குறைஞ்சிருக்கு.

பணம் எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு ஆராய்ச்சி. நண்பர்கள் குடுத்தாங்க, நன்கொடை வந்துச்சு, அதெல்லாம் உண்மைதான். ஆனா எனக்குப் பெருசாப் பட்டது வேற. அந்த மலை ஜனங்க வீட்டுப் பொண்ணுங்களையே பயிற்சி குடுத்து நர்ஸு வேலைக்கும் பிரசவம் பாக்கவும் தயார் பண்ணியிருக்காங்க. வெளியூர் நர்ஸு ஒரு நாள் மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க, சொந்த ஊருக்காரி எங்க போவா? அப்புறம், ஜனங்க கையில காசு இல்லாம ஆரோக்கியம் நிக்காதுன்னு விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களோட தையல் வேலைக்கு 'போர்கை'ன்னு ஒரு அமைப்பும் உண்டாச்சு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே வருமானத்துக்கும் வழி.

காசு வாங்குறது தப்புன்னு அன்னைக்குப் பேசினேனே, அதுவும் தப்புன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். மெட்ராஸ் அடையாறுல வி.எச்.எஸ். அமைப்பை 1958-ல தொடங்கின டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, குடும்பத்தோட வருமானத்துக்குத் தக்கபடி சந்தா கட்டுற முறையைக் கொண்டு வந்தாரு. ஏழை கொஞ்சம், இருக்கிறவன் கூடுதல். நீலகிரி கூடலூர்ல ஆதிவாசி ஜனங்க 1992-ல இருந்தே சிறுதொகை கட்டி ஆஸ்பத்திரிக்குக் காப்பீடு வச்சிருந்தாங்க. அந்தச் சிறுதொகையிலயே எல்லா செலவும் ஓடிடாது, மீதி வெளியில இருந்துதான் வந்தாகணும். ஆனா காசு கட்டினவன் "ஏன் டாக்டர் வரல"ன்னு கேப்பான். இலவசமா வாங்கினவன் கேக்க மாட்டான். நாங்க கேக்கலியே.

அரசாங்க சமாசாரமும் இப்படித்தான். உலக வங்கிக் கடன்ல 2005-ல ஒரு தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் வந்துச்சு. ரத்தக்கொதிப்புப் பரிசோதனையை முதல்ல சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள்ல செஞ்சு பாத்துட்டு, அப்புறம் எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு வந்தாங்க. அந்தத் திட்டம் 2015-ல முடிஞ்சுது, ஆனா பரிசோதனை நிக்கல, அரசாங்கமே தன் கணக்குல எடுத்துக்கிச்சு. மாத்திரைக்கு 1994-லயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணு வச்சு, மாநிலம் முழுக்கத் தேவையானதை மொத்தமா, கம்பெனிப் பேருல இல்லாம மருந்துப் பேருலயே வாங்கி, மாவட்டக் கிடங்கு வழியா அனுப்புறாங்க. அதனால விலை மலிவு. இதெல்லாம் ஏற்கெனவே இருந்ததாலதான் 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்க தெரு வரைக்கும் வர முடிஞ்சுது. 2024-ல அதுக்கு ஐ.நா. விருதும் கிடைச்சுது. அண்ணன் வீட்டுக்கு இப்ப மாத்திரை மட்டும் இல்ல, கை கால் பயிற்சி குடுக்குறவரும் வர்றாரு.

எங்க தாத்தா காலத்துல ஏரிக்கு நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரு. மதகைத் தொறக்குறது, மூடுறது, கடைமடைக்குத் தண்ணி போவுதான்னு பாக்குறது அவரு வேலை. அறுவடை முடிஞ்சு களத்து மேட்டுல நெல் அளக்கும்போது, வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே அவரு பங்கை அளந்து வச்சிடுவாங்க. விளைச்சல் குறைஞ்ச வருஷம் பங்கும் குறையும், ஆனா இல்லாம போவாது. யாரும் அதைத் தர்மம்னு சொன்னதில்ல. அது ஏரியோட செலவு. நீர்க்கட்டிக்கு அளக்குறதை நிறுத்தின அப்புறம்தான் மதகு துருப்பிடிச்சுது, வாய்க்கால் தூர்ந்துச்சு. ஏரியை வெட்டுனது ஏதோ ஒரு ராஜா. ஆனா அத்தனை காலம் அதைக் காப்பாத்துனது அந்த ரெண்டு மரக்கால் நெல்லு.

திருவண்ணாமலைக்காரங்களுக்குக் குடுக்குற மனசு இல்லன்னு சொல்ல முடியாது. பௌர்ணமி கிரிவலத்துக்குப் பாருங்க, வழியெல்லாம் அன்னதானம். வேண்டாம்னாலும் கையில திணிப்பாங்க. ஒரு நாள் சோத்துக்குக் குடுக்க ஆயிரம் பேரு இருக்காங்க. ஒரு நர்ஸம்மாவோட பன்னெண்டு மாசச் சம்பளத்துக்குக் குடுக்கத்தான் ஆள் இல்ல. அதுல கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணும் இல்ல பாருங்க.

முந்தின வருஷம் ஆடிக் கூழுக்குத் தலைக்கட்டு வரி போடுற கூட்டத்துல மறுபடியும் எழுந்து பேசினேன். வரியோட வீட்டுக்கு அம்பது ரூபாய் தனியா எடுத்து வைப்போம், டாக்டரைப் பாக்க வேண்டிய வயசானவங்களை மாசம் ஒரு நாள் ஆட்டோவுல சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவோம்னேன். "அரசாங்கமே வீட்டுக்கு வந்து குடுக்குது, நாம எதுக்குக் குடுக்கணும்?"னு ஒரு பையன் கேட்டான். நான் அன்னைக்குப் பேசின அதே பேச்சு. எனக்குக் கோவம் வரல. "தம்பி, நான் ஒரு தடவை இப்படிக் கேட்டவன்தான்"னேன். பெரியவங்க சில பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

140 தலைக்கட்டுல 83 வீடு குடுத்துச்சு. போன வருஷம் 61தான். கணக்கு என் வீட்டுக்காரம்மாவோட மகளிர் குழு நோட்டுல இருக்கு, யாரு வேணா பாக்கலாம். ஆட்டோ இன்னும் நிக்கல. ஆறேழு பேரு ஏறிக்கிறாங்க. இந்த ஆடிக்கு எத்தனை வீடு வரும்னு தெரியாது. குறைஞ்சா வீடு வீடாப் போய்க் கேக்கணும். அது என் வேலை.

உங்கள்ல பல பேரு சொந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னு நினைப்பீங்க. மருத்துவ முகாம் வைப்பீங்க, நல்ல மனசு. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: அன்னைக்கு ரத்தக்கொதிப்புன்னு கண்டுபிடிக்கிற ஆளுக்கு, நீங்க குடுத்த முப்பது மாத்திரை தீர்ந்ததும் முப்பத்தோராவது மாத்திரையை யாரு குடுப்பா? அதுக்கு ஒரு ஆளைச் சேத்துவிட்டுட்டு வாங்க. ஊர்க்காரங்ககிட்ட கொஞ்சமாவது காசு கேளுங்க. என்னை மாதிரி ஒருத்தன் எழுந்து ஏதாவது பேசுவான். பேசட்டும். அவனுக்குப் பதில் சொல்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருங்க.