ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் வண்டி எது என்று சத்தத்தை வைத்தே சொல்வது. புல்லட்டை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எக்ஸல் தகரத்தில் கூழாங்கல் உருட்டிய மாதிரி இருக்கும். ஸ்ப்ளெண்டர் நிற்பதே தெரியாது. ஆர்எக்ஸ் 100 வந்து நின்றால் மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கத் தோன்றும்.

இந்தப் பையனுக்கு வயது இருபத்து நாலு. மன்னார்குடியில் ஒரு செல்போன் கடையில் வேலை. பஸ்ஸில் போய் வந்தது போதும், சொந்தமாக வண்டி வேண்டும் என்று முடிவு செய்தான். கையில் எழுபதாயிரம் இருந்தது. முப்பது அவன் சேர்த்தது. நாற்பது, சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்திலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்தது. குறுவைக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று அப்பாவுக்குச் செலவு வரிசையாக நின்றது. அது தெரிந்தே வாங்கிக்கொண்டான்.

எல்லோரும் சொன்னது, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி தவணையில் புது வண்டி எடு என்று. அவன் பார்த்து வைத்திருந்தது வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையோரம் நின்ற 1993 மாடல் ஆர்எக்ஸ் 100. மயில் நீலம். கேட்ட விலை எண்பத்தைந்து.

அமெரிக்காவில் இந்த வயசுப் பையன்கள் ஒன்றரை லட்சம் மைல் ஓடிய பழைய மாஸ்டா மியாட்டாவைச் சுற்றிச் சுற்றி வருவார்களாம். டெல்டாவில் நம்மவர்களின் ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு சக்கரம்தான் :-)

வண்டியின் வரலாறு கொஞ்சம். எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து 1985ல் கொண்டுவந்த வண்டி இது. அதே சமயத்தில் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, மைலேஜ் வேண்டியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். டிவிஎஸ்சின் சுசுகி, பஜாஜின் கவாசாகி எல்லாம் அதே நூறு சிசிதான். ஆனால் ஆர்எக்ஸ் 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்தது, எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒருமுறை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அந்தத் துள்ளல் அங்கிருந்து வருகிறது. புகையும் அங்கிருந்துதான் வருகிறது, ஏனென்றால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது. மாசு விதிகள் இறுகிவந்த 1996ல் தயாரிப்பு நின்றது. ஆகவே இன்று சந்தையில் இருக்கும் எந்த ஆர்எக்ஸ் 100ம் முப்பது வயதைத் தொட்டதோ தாண்டியதோதான். "ஷோரூம் கண்டிஷன்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

பையன் கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை. வேலைக்குப் போய் வர மாசம் எழுநூறு கிலோமீட்டர். ஆர்எக்ஸ் லிட்டருக்கு முப்பத்தைந்து கொடுத்தால் இருபது லிட்டர். புது வண்டி அறுபது கொடுத்தால் பன்னிரண்டு லிட்டர் கூட ஆகாது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில், ஆயில் செலவையும் சேர்த்தால் மாசம் ஆயிரம் போல அதிகம். ஆனால் புது வண்டிக்கு மாசத் தவணை அதைவிடக் கூடுதல். அதனால் பெட்ரோல் கணக்கைக் காட்டி அவன் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. அப்பா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "எக்ஸல்ல ரெண்டு மூட்டை நெல்லு ஏத்தலாம். இதுல என்னடா ஏத்துவ?"

ஒரு வியாழக்கிழமை, கடை நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வலங்கைமான் போனான். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் அன்று வேறு வேலையாக இருந்தார், இவனுக்கோ நாளை வரை பொறுக்க முடியவில்லை.

மீட்டர் அறுபத்தோராயிரம் காட்டியது. "ஒரிஜினல் மீட்டர் தம்பி" என்றார் விற்பவர். ஒரிஜினலாகவே இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டிக்கு அறுபத்தோராயிரம் என்றால் வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட வரவில்லை. ஒன்று, கேபிள் அறுந்து பல வருஷம் சும்மா இருந்திருக்கும். இல்லையென்றால் அந்த ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தொட்டுவிட்டு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பியிருக்கும். பழைய வண்டியில் மீட்டரைவிட கிக்கர் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட் தேய்மானமும் உண்மை பேசும். இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன.

ஆர்.சி.யைப் பார்த்தார்கள். பெயர் விற்பவருடையதுதான். சேஸிஸ் எண்ணை நண்பன் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டான், சரியாக இருந்தது. இன்ஜின் எண் மேல் கிரீஸ் அப்பியிருந்தது. துடைக்கவில்லை. பதிவு 2023ல் முடிந்திருந்தது. முதல் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2013லும் 2018லும் புதுப்பித்தவர் 2023ல் மட்டும் ஏன் விட்டார் என்று இருவரும் கேட்கவில்லை. "இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு ரெண்டாயிரம் ரூபாய் ஆக்கிட்டாங்க தம்பி, அதான்" என்று அவரே சொன்னார். அந்தக் கட்டணம் வந்தது 2025 ஆகஸ்டில். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. ஆலங்குடி ரோட்டில் விட்டான். அறுவடை முடிந்த தாளடிகளில் உளுந்து பச்சையாக நின்றது. காற்று கண்ணில் நீர் வரவழைத்தது. இரண்டு, மூன்று என்று கியரைத் தூக்கத் தூக்க வண்டி ஒவ்வொரு தடவையும் முதுகில் கைவைத்துத் தள்ளியது. நான்காவதுக்குப் பிறகும் கால் பழக்கத்தில் ஒருமுறை தூக்கினான். க்ளக் என்று இன்னொன்று விழுந்தது. சத்தம் இறங்கி, வண்டி மிதந்தது.

குரு கோயில் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியவன், நேராக வந்து ஐந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். "அஞ்சு கியர் இருக்கேண்ணே?" என்று கேட்டானாம். "அதான் தம்பி ஸ்பெஷல்" என்றாராம் அவர்.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆர்எக்ஸ் 100க்கு நாலு கியர்தான். அஞ்சு கியர் வந்தது பிறகு வந்த ஆர்எக்ஸ் 135ல். நூறின் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. கடைசி அளவு வரை, ஒரு மில்லிமீட்டர் ரீபோர் பண்ணினாலும் 102 சிசிதான் வரும். 135க்கு போரே 58, அது 132 சிசி. யாரோ பழைய இன்ஜினை இறக்கிவிட்டு 135 இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள். இந்த வேலை எங்கும் நடப்பதுதான், வெளியே பார்த்தால் சட்டென்று தெரியாது.

"ஓடுறதுல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நூறைவிட நல்லாவே இழுக்கும். ஆனா ஆர்சில இருக்குற இன்ஜின் எங்க? இந்த இன்ஜினோட வண்டி எங்க?"

இரண்டாவது கேள்விதான் பையனைப் படுக்கவிடவில்லை. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் இரண்டு எண்களையும் ஒப்பிடுவார். 2023ல் ஏன் புதுப்பிக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. பெயர் மாற்றம் நடக்காது, விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். அந்த இன்ஜின் யார் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போன வண்டியுடையதோ, அது வேறு. அப்பாவின் நாற்பதாயிரம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்பது போல ஒரு காட்சி கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

போன் போட்டான். பழைய இன்ஜினை மாட்டிக் கொடுத்தால் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றான் (மிச்சப் பதினைந்துக்கு எங்கே போவான் என்பது அவனுக்கே தெரியாது). அது எடைக்குப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு என்றார் அவர். அட்வான்ஸ்? அதெல்லாம் திரும்பத் தரும் வழக்கம் இல்லை.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எக்ஸலைக் கிளப்பினார், பின்னால் ஏறச் சொன்னார். வலங்கைமான் வரை ஒன்றும் பேசவில்லை.

அங்கே போய் அவர் முதலில் பணத்தைக் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தடவினார். "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாங்களா?" என்றார். விற்பவருக்கு வியாபாரம் மறுபடி படிகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், சாவியைக் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனவர் திரும்பிவரக் கால் மணி நேரம் ஆனது. பையன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வந்து இறங்கி, சாவியை அவர் கையிலேயே கொடுத்தார். கிரீஸை விரலால் வழித்து, இன்ஜின் எண்ணை ஒருமுறை குனிந்து பார்த்தார். "பணத்தைக் குடுத்துடுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். மூவாயிரம் உடனே வந்தது. மிச்சம் ரெண்டாயிரம் உளுந்து பறித்ததும் தருவதாகச் சொன்னார்.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. அப்பா எக்ஸலை அணைத்தார். சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. பாதி வேகன் கடந்திருக்கும், திரும்பாமலே சொன்னார்.

"அஞ்சாவதும் போட்டுப் பாத்தேன்டா."