வாடகை சைக்கிளும் டைனமோ இல்லாத லேடீஸ் சைக்கிளும்

2024-ல ‘குரங்கு பெடல்’னு ஒரு படம் வந்ததே, பார்த்தீங்களா? கமலக்கண்ணன் எடுத்தது. ராசி அழகப்பனோட சிறுகதை. கோடை லீவு, வாடகை சைக்கிள், ஓட்டிப் பழகத் துடிக்கிற பசங்க. படம் முடிஞ்சதும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. என்ன, அதுல கிராமம். எங்களோடது கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு.

அப்போ (1985-ன்னு வச்சுக்கோங்க, எனக்குப் பதினோரு வயசு) எங்க தெருமுனையில ஒரு பாய் சைக்கிள் கடை வச்சிருந்தார். கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டின்னு வரிசையா நிக்கும். மட்கார்டுல வெள்ளை பெயிண்ட்ல நம்பர். நாங்க எல்லாரும் தெரிஞ்ச வீட்டுப் பசங்கங்கறதால அட்வான்ஸ் கிடையாது. நோட்டுல பேரு, வண்டி நம்பர், எடுத்த நேரம் எழுதிப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய். கடையில இருந்த கடிகாரம் எப்பவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டு. அது எப்படி ஃபாஸ்ட்டாவே இருக்குன்னு நாங்க கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை :-)

சின்ன வண்டிக்குத்தான் கிராக்கி. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் போயிடும். அப்புறம் மிச்சம் பெரிய வண்டிதான். சீட்டுல உக்காந்தா கால் எட்டாது. அதனால பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமா வளைச்சு, ஒரு கையால சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அரைப் பெடல் அடிக்கணும். இதுதான் குரங்கு பெடல். ஓட்டத் தெரிஞ்சாலும் இறங்கத் தெரியாது. சுவரைப் பார்த்து இறங்குவோம்.

நான் ஒரு மணி நேரம் எடுத்தா அதுல இருபது நிமிஷம் அக்காவுக்கு. ஏன்னா காசுல பாதி அவளோடது. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, பிளாக்குக்குப் பின்னாடி இருந்த காலி இடத்துல, யாரும் பார்க்காத நேரமா பார்த்து ஓட்டுவா. பாவாடை தாவணியில குரங்கு பெடல் அடிக்க முடியாது. என்னோட நிஜாரை உள்ள போட்டுக்கிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு பழகினா. ரெண்டு மாசத்துல என்னைவிட நல்லா ஓட்டினா. அதுல எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

1986-ல அக்காவுக்கு ராணி மேரி கல்லூரியில இடம் கிடைச்சது. கோட்டூர்புரத்துலேர்ந்து பீச் ரோடு அஞ்சாறு கிலோமீட்டர்தான். ஆனா பஸ்ஸுல போனா மாறிப் போகணும். காலையில கூட்டம். அந்தக் கூட்டத்துல ஒரு பதினேழு வயசுப் பொண்ணுக்கு என்னென்ன நடக்கும்னு நான் எழுதணுமா என்ன. வீட்டுக்கு வந்து பேசாம முகத்தைக் கழுவிக்கிட்டே இருப்பா. சைக்கிள் வாங்கிக் குடுங்கன்னு அப்பாகிட்ட கேட்டா. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்? நாலு பேர் என்ன சொல்லுவான்?” அந்த நாலு பேர் யாருன்னு இன்னிவரைக்கும் தெரியலை.

அடுத்த வருஷம் பரீட்சை சமயத்துல பஸ் ஸ்ட்ரைக். ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கேட்டு அம்மா உள்ளே போயிட்டாங்க. அக்கா கீழ் வீட்டு மாமாவோட ஜென்ட்ஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கிட்டு, ஹால் டிக்கெட்டை ஹேண்டில்ல தொங்கின பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. ஆத்துப் பாலம், நந்தனம், மயிலாப்பூர், பீச் ரோடு. சாயங்காலம் திரும்பி வர்றப்போ பாலத்துல நடந்து வந்துக்கிட்டிருந்த அப்பா பார்த்துட்டார். ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. யாரும் ஒரு வார்த்தை பேசலை. அடுத்த மாசம் செகண்ட் ஹேண்டுல ஒரு லேடீஸ் ஹெர்குலிஸ் வந்தது. நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி.

வந்ததுல ஒரு விஷயம். டைனமோ இல்லை. அப்பல்லாம் விளக்கு இல்லாம ராத்திரி ஓட்டினா போலீஸ் பிடிச்சு டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுடுவாங்க. பாய் கடையில டைனமோ போட எவ்வளவு ஆகப்போகுது? ஆனா அப்பா போட விடலை. இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும், அவ்வளவுதான் கணக்கு. வண்டி குடுத்தாச்சு, ஆறு மணி வரைக்கும்தான் குடுத்திருக்கு. இதனால சாயங்காலம் டைப்ரைட்டிங் ஹையர் கிளாஸ் போகாமலே நின்னுடுச்சு. 1990-ல வேலைக்குப் போய் முதல் சம்பளத்துல அக்கா வாங்கினது புடவை இல்லை, டைனமோ.

சைக்கிள்னா எல்லாரும் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ன்னு உருகறாங்க. எனக்கு அதுல பெரிசா ஒப்புதல் இல்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்த காலம் அது. வேற வழி இல்லாமத்தான் எல்லாரும் மிதிச்சோம். ஆனா அக்கா மாதிரி ஆளுங்களுக்கு அது வேற. யாரையும் எதிர்பார்க்காம நினைச்ச இடத்துக்குப் போற முதல் வழி.

இதைத் தனி வீட்டுச் சண்டையா இல்லாம ஒரு மாவட்டமே சேர்ந்து தீர்த்தது புதுக்கோட்டையில. 1991-ல அறிவொளி இயக்கத்துல எழுத்து சொல்லிக் குடுத்ததோட சைக்கிளும் சொல்லிக் குடுத்தாங்க. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்னிக்கு ஆயிரத்து ஐநூறு பெண்களுக்கு மேல சைக்கிள்ல கொடி கட்டிக்கிட்டு, மணி அடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்ததை பி. சாய்நாத் எழுதியிருக்கார். அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளே ஓட்டினாங்களாம். சிலர் அதைத்தான் விரும்பினாங்களாம். முன்னாடி பார்ல குழந்தையை உக்கார வச்சுக்கலாமே! கடைக்காரங்களுக்குத் தோணுமா இது?

அதுக்கப்புறம் அரசாங்கமே இறங்கினது. 2001-ல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிச்ச ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள்னு ஆரம்பிச்சு, 2005 வாக்கில எல்லா மாணவ மாணவிகளுக்கும்னு ஆச்சு. ‘இலவசம் குடுத்துக் கெடுக்கறாங்க’ன்னு சொல்றவங்களோட நான் வாதாடறதே இல்லை. அவங்க வீட்டுல யாரும் கூட்டத்துல பஸ் மாறிப் போயிருக்க மாட்டாங்க.

கோட்டூர்புரத்துல இப்போ பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, 2010-ல வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, காந்தி மண்டபம் ரோட்டுல சைக்கிள் ஓட்டணும்னா தைரியம் வேணும். விடிகாலையில ஹெல்மெட் மாட்டின கும்பல் ஒண்ணு சர்ருனு போகும், ஸ்கூட்டரைவிட விலை அதிகமான வண்டியில. நல்லதுதான், உடம்புக்கு. பாய் கடை இருந்த இடத்துல மொபைல் ரீசார்ஜ் வந்து, அதுவும் போய், இப்போ ஃபார்மஸி.

அக்கா கல்யாணம் ஆகிப் போனப்புறம் அந்த ஹெர்குலிஸ் மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தது. அம்மா குடுக்க விடலை. 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு தரைத்தளத்துக்குள்ள வந்தப்போ அதுவும் முழுகிடுச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா செயின், ஃப்ரீவீல், பால்ரஸ் எல்லாம் சேறும் துருவும். ஓவராயில் பண்ணினா தேறுமான்னு கேட்டதுக்கு மெக்கானிக் சிரிச்சுட்டார். பழைய இரும்புக்காரர் எடை போடறப்போ அக்கா ஸ்பேனர் கேட்டு வாங்கி டைனமோவை மட்டும் கழட்டினா. எதுக்குன்னு கேட்டேன். “என் காசுடா”ன்னா.