தொலைந்த சைக்கிள் தந்த சாம்பியன்: முகமது அலியின் ஊர் லூயிவில்

கென்டக்கி என்றதும் நம்மூரில் பலருக்குப் பொரித்த கோழிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த அமெரிக்க மாநிலத்தின் பெரிய நகரம் லூயிவில். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'லூவல்' என்று சுருங்கிவிடும். குதிரைப் பந்தயத்துக்கும் பேஸ்பால் மட்டைக்கும் பேர்போன ஊர். அங்கே நான்காவது தெருவில், இன்று பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடம். அதன் வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு சைக்கிளை மாட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இது எதற்கு?' என்று கேட்காமல் நகர்வதில்லை.

1954 அக்டோபரில் இந்தக் கட்டடத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. பாப்கார்ன் இலவசம் என்று கேள்விப்பட்டு, 12 வயது கேஷியஸ் கிளே நண்பனோடு வந்தான். வயிறு நிறைய சாப்பிட்டு வெளியே வந்தால், நிறுத்தி வைத்த புது சைக்கிளைக் காணோம். 60 டாலர் சைக்கிள். வீட்டில் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

அழுதுகொண்டே போலீஸைத் தேடினான். கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். அவர் ஜோ மார்ட்டின். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அங்கே பையன்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்து வந்தார். திருடனைக் கண்டால் அடித்து நொறுக்குவேன் என்று பையன் குதித்தான். முதலில் சண்டை போடக் கற்றுக்கொண்டு வா என்றார் மார்ட்டின்.

சைக்கிள் கடைசிவரை கிடைக்கவில்லை. உலகத்துக்கு முகமது அலி கிடைத்தார்.

இளஞ்சிவப்பு வீடு

நகரின் மேற்குப் பக்கம், கிராண்ட் அவென்யூவில் 3302ஆம் எண் வீடு. இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சின்ன வீடு. அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அம்மா ஒடெஸா, வசதியான வீடுகளில் வேலை செய்தவர். தம்பியைக் கல்லெறியச் சொல்லி, தன் மேல் படாமல் விலகி விலகிப் பழகினான் அண்ணன். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறாமல் அதனோடு போட்டி போட்டு ஓடினான்.

அன்றைய லூயிவில்லில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனிப் பூங்கா. நகரின் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள் கறுப்பினக் குழந்தைகள் நுழைய முடியாது. கிளே படித்த சென்ட்ரல் ஹைஸ்கூலும் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளிதான். படிப்பில் சுமார். ரிங்கில் மட்டும் அவனைத் தொட ஆளில்லை.

1960இல் ரோம் ஒலிம்பிக். 18 வயது கிளேவுக்கு எதிராளியைவிட விமானம்தான் பெரிய பயம். ராணுவத்தின் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு பாராசூட் வாங்கி, அதை மாட்டிக்கொண்டே பறந்தார் என்று பயிற்சியாளர் குடும்பத்தில் சொல்வார்கள். திரும்பும்போது கழுத்தில் தங்கப் பதக்கம்.

ஊர் வரவேற்பு கொடுத்தது. ஆனால், அதே ஊரின் ஓர் உணவகத்தில் அவருக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். காரணம், தோலின் நிறம். அந்த ஆத்திரத்தில் பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் வீசிவிட்டதாக அவருடைய சுயசரிதை சொல்கிறது. அது எங்கேயோ தொலைந்துபோனதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. பதக்கம் போன வழி எதுவானாலும், பட்ட அவமானம் மறக்கவில்லை.

பறிபோன மூன்றரை ஆண்டுகள்

1960 அக்டோபர் 29 அன்று லூயிவில்லின் ஃப்ரீடம் ஹாலில் முதல் தொழில்முறைப் போட்டி. எதிரில் டன்னி ஹன்சேக்கர். அவரும் ஒரு போலீஸ்காரர்! ஆறு ரவுண்டு முடிவில் புள்ளிக்கணக்கில் கிளே ஜெயித்தார். அவருக்குப் பண உதவி செய்ய, ஊரின் வெள்ளையினப் பணக்காரர்கள் 11 பேர் சேர்ந்து ஒரு குழுவே அமைத்தார்கள்.

1964இல் சன்னி லிஸ்டனை வீழ்த்தி 22 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். உடனே இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்தார். கேஷியஸ் கிளே, முகமது அலி ஆனார்.

1967இல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள். ஐந்தாண்டு சிறைத்தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தது நீதிமன்றம். மேல்முறையீட்டால் சிறை செல்லவில்லை. ஆனால், 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் கால்கள் மிக வேகமாக ஓடும் காலத்தில், அவருக்கு ரிங் கிடையாது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. போன வருடங்களை யார் திருப்பித் தர முடியும்?

இருந்தும் எழுந்தார். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். 1978இல் மூன்றாவது முறையாகப் பட்டம். மொத்தம் 61 போட்டிகள், 56 வெற்றிகள்.

திருடுபோன பலகைகள்

அதே 1978இல் லூயிவில்லின் வால்நட் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்ட நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 6, எதிர்ப்பு 5. ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது அலியின் பெயர். ஒரு வாரத்துக்குள், வைத்த 70 பெயர்ப்பலகைகளில் 12 பலகைகளைக் காணோம். பெயர்ப்பலகை எழுதியே பிள்ளைகளை வளர்த்தவரின் மகனுக்கு, சொந்த ஊரில் ஒரு பலகை நிலைக்கவே நாளானது.

1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கும் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நிற்கும் படங்கள் இன்றும் கைபேசிகளில் சுற்றுகின்றன. அன்று அலியோடு மோதிய ஜிம்மி எல்லிஸும் லூயிவில்காரர்தான். அதே ஜோ மார்ட்டினிடம் பயின்ற பால்ய நண்பர். ஒரே ஊர்ப் பையன்கள் இருவர் நம் சென்னையில் கையுறை மாட்டி நின்றார்கள்.

1981இல் ஓய்வு. 1984இல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பட்டாம்பூச்சியாய்ப் பறந்த கைகள் நடுங்கத் தொடங்கின. 1996இல் அந்த நடுங்கும் கையால்தான் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். ரோமில் வென்ற பதக்கத்துக்குப் பதிலாக அங்கே ஒரு புதுப் பதக்கமும் தந்தார்கள்.

2005இல் லூயிவில்லில், பதக்கம் விழுந்ததாகச் சொல்லப்படும் அதே ஒஹையோ ஆற்றங்கரையில், முகமது அலி மையம் திறக்கப்பட்டது.

வீடு திரும்பிய நாள்

2016 ஜூன் 3 அன்று அலி மறைந்தார். ஒரு வாரம் கழித்து அவருடைய இறுதி ஊர்வலம் கிராண்ட் அவென்யூ வழியாகச் சென்றது. இளஞ்சிவப்பு வீட்டின் முன்னால் சாலையெங்கும் பூ. வெள்ளையரும் கறுப்பரும் காருக்குப் பக்கத்தில் ஓடி வந்து "அலி! அலி!" என்று குரல் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பலகைகள் திருடுபோன அதே தெருவும் அவரை வழியனுப்பியது.

கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அலி உறங்குகிறார். அதே தோட்டத்தில்தான், கென்டக்கி சிக்கனை உலகம் முழுக்கக் கொண்டுபோன கர்னல் சாண்டர்ஸும் இருக்கிறார். இரண்டு பேரையும் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

2019இல் நகரின் விமான நிலையத்துக்கு முகமது அலியின் பெயரைச் சூட்டினார்கள். விமானம் என்றாலே நடுங்கி, பாராசூட்டோடு ஏறிய பையனின் பெயர்தான் இன்று லூயிவில்லில் வந்து இறங்கும் ஒவ்வொருவரையும் முதலில் வரவேற்கிறது.