கால்வாய் வந்த வழியே

காலி வீதியில் வெள்ளவத்தைப் பாலத்தை நாள்தோறும் கடப்பவர்கள் நாம். பாலத்தின் கீழே ஓடும் கால்வாய் எங்கிருந்து வருகின்றது என எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து செல்வதே வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனை அன்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அந்நீர் வந்த திசை நோக்கிப் புறப்பட்டோம்.

கொலன்னாவ, இராஜகிரிய, பத்தரமுல்ல ஆகிய ஊர்களைத் தழுவியும் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தும் சதுப்பு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. மாரி வெள்ளத்தை முதலில் தம்முள் வாங்கிக்கொள்பவை இவையே. பின்னரே அதனைச் சிறிது சிறிதாகக் கால்வாய்களில் விடுகின்றன. அந்நீர் கடல் சேரும் வாயில்கள் தெற்கே வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும், வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திலும் உள்ளன. இதனைக் கேட்ட அன்பர், "அப்படியென்றால் மாஸ்டர், உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே தண்ணீர்தான்!" என்று நகைத்தார்.

நகைப்புக்குரிய செய்தியன்று அது. நீர் தங்கும் இடம் சுருங்கினால் நேர்வது என்ன என்பதை 2010 நவம்பரில் கண்டோம். ஓரிரவு மழையில் நாடாளுமன்ற வளாகத்திலேயே வெள்ளம் புகுந்தது. 2018 ஒக்டோபரில் துபாயில் கூடிய ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 சதுப்புநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அப்பெருமையைக் காப்பவர் யாவர்?

விடையைப் பத்தரமுல்லவுக்கு அப்பால், தலங்கமவிற் கண்டோம். குளமும் வயலும் மரச்செறிவும் கலந்த அவ்விடம் 2007இல் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் 2020இல், தூண்களின் மேற் செல்லும் அதிவேக வீதியொன்றை அதனூடாகக் கொண்டுசெல்லத் திட்டம் எழுந்தது. ஊரவர் வாளாவிருந்தாரல்லர். கையொப்பந் திரட்டினர், நீதிமன்றம் வரை சென்றனர். நாம் சென்ற அன்று குளத்தின் மேல் தூண் எதுவும் நிற்கவில்லை. தாழைக்கோழியொன்று குஞ்சுகளுடன் தாமரை இலைகளின் ஊடே நடந்துகொண்டிருந்தது.

குளக்கரை மரங்களில் வாழும் ஊதாமுக மந்தி இலங்கையன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. அதிலும் கொழும்பை அண்டி வாழும் மேற்குக் கிளையினம் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. மரத்தொடர்ச்சி அறுந்த இடத்தில் அது மின்கம்பியைப் பற்றி மடிகின்றது. ஆகவே, வளவிலுள்ள ஒரு பலா மரத்தை வெட்டாது விடுவதும் காவற்பணியே. தலைநகரின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் இரவில் உலாவுகின்றது. அன்யா இரத்நாயக்க என்னும் ஆய்வாளர் அதன் கழுத்தில் பட்டிகட்டி நடமாட்டத்தை ஆராய்ந்தார். வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் அலங்கார மீனையும் அது விட்டுவைப்பதில்லையாம்! நாம் உறங்கும்போது நம் அயலவர் யார் என்பதை நாமே அறியோம்.

மாலை மீண்டு வந்து பாலத்தடியில் இறங்கினோம். அன்று முதன்முறையாகக் கால்வாயை நின்று பார்த்தோம். கரையோரத்திற் புடைத்த பிளாஸ்ரிக் பையொன்று சிக்கிக் கிடந்தது. அதன் மேல் நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் பெயர் இருந்தது. அதனை எறிந்தவர் நம் ஒழுங்கையிலுள்ள ஒருவராகவும் இருக்கலாம். நம் வீட்டவராகவும் இருக்கலாம். அன்பரும் அதனைக் கண்டார். இம்முறை அவர் நகைக்கவில்லை.

தலங்கம மக்கள் தம் வாசலில் உள்ள நீரைக் காக்க எழுந்தனர். நம் வாசலில் உள்ள நீர் இக்கால்வாய். நீதிமன்றம் ஏறவேண்டிய தேவை நமக்கில்லை. கையிலுள்ள பையை வீடுவரை கொண்டுசென்றாற் போதும். அவர்கள் செய்ததைப் பார்க்கிலும் இது எளிதன்றோ?