இருவர் இருவராய்

2018-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு பங்கில் மூன்று மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விடுப்பில் சென்ற பங்குத் தந்தைக்குப் பதிலாகச் சென்றிருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. செப்டம்பர் இறுதியில் அதன் சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறம் பூணுகின்றன. அக்டோபரில் சிகரங்களில் வெண்பனி படிகிறது. வடமேற்கே பெரும் உப்பு ஏரி விரிந்து கிடக்கிறது.

இது மோர்மன் சபையினரின் நாடு என்றே சொல்லலாம். 1830-இல் ஜோசப் ஸ்மித் தொடங்கிய அச்சபை, சென்ற இடமெல்லாம் எதிர்ப்பைச் சந்தித்தது. 1844-இல் அவர் இல்லினாய் மாநிலத்தில் கொலையுண்டார். பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் அவர்கள் மேற்கு நோக்கி நடந்து, 1847 ஜூலையில் இப்பள்ளத்தாக்கை அடைந்தனர். சால்ட் லேக் நகரின் நடுவில் அவர்கள் எழுப்பிய கருங்கற் கோவில் முடிய 40 ஆண்டுகள் ஆயின.

இறைவனின் திரித்துவம் பற்றிய அவர்களது போதனை நம் விசுவாசத்தினின்று பெரிதும் வேறுபடுகிறது. ஆதலால் அவர்களது ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஏற்பதில்லை என்று 2001-இல் உரோமை தெளிவுபடுத்தியது. ஆயினும், அயலாராக வாழ்ந்ததில் அழகான நிகழ்ச்சிகளும் உண்டு. 1879-இல் தென் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகரில், லாரன்ஸ் ஸ்கேன்லன் என்ற அயர்லாந்துக் குருவானவர் திருப்பலி நிறைவேற்ற இடமின்றி இருந்தார். மோர்மன் மக்கள் தங்கள் ஆராதனைக் கூடத்தையே திறந்துவிட்டனர். அவர்களது பாடகர் குழு இலத்தீன் மொழிப் பாடல்களைப் பயின்று வந்து திருப்பலியில் பாடியது. அக்குருவே பின்னாளில் சால்ட் லேக்கின் முதல் ஆயரானார்.

நான் சென்று சில நாட்களில், ஒரு காலைப்பொழுது, வெண்சட்டையும் கழுத்துப்பட்டியும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரு இளைஞர் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டினர். விவாதத்திற்கு வந்துவிட்டார்களோ என்று தயங்கினேன்.

“தந்தையே, ஆலய முற்றத்தில் இலைகள் குவிந்து கிடக்கின்றன. வாரிவிடட்டுமா?” என்றான் ஒருவன்.

அன்று தொடங்கிய பழக்கம் அது. ஒருவன் ஐடஹோ மாநிலத்து விவசாயியின் மகன், வயது 19, வீட்டைவிட்டு வந்து பத்து வாரங்களே ஆகியிருந்தன. மற்றவன் பிரேசில் நாட்டான். ஓராண்டுப் பணியை முடித்தவன். இருவரையும் ‘எல்டர்’ என்றே அழைக்க வேண்டும். அதற்கு ‘மூப்பர்’ என்று பொருள். மீசை அரும்பாத முகத்தைப் பார்த்து மூப்பரே என்று அழைப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர்களது வாழ்க்கையோ வேடிக்கையன்று. இளைஞர் இரண்டு ஆண்டுகளும், இளம் பெண்கள் 18 மாதங்களும் ஊதியமின்றி உழைக்கின்றனர். எங்கே செல்வது என்பதைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. செலவுக்காகக் குடும்பத்தார் அப்போது மாதம் 400 டாலர் செலுத்தி வந்தனர். 2020 ஜூலையில் அது 500 ஆயிற்று. காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சி, ஜெபம், வேத வாசிப்பு என்று தொடங்கி, பகல் முழுதும் வீதிகளில் அலைந்து, இரவு 10.30 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். தேநீர், காப்பி இல்லை. தனியே எங்கும் செல்லலாகாது. இருவர் இருவராகவே செல்ல வேண்டும். துணைவர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்கிறது. தட்டும் கதவுகளிற் பல திறப்பதில்லை. திறந்தவையும் உடனே மூடிக்கொள்கின்றன. மனம் உடைந்து இடையிலே வீடு திரும்புவோரும் உண்டு. அவர்களை உற்றார் பார்க்கும் பார்வை சில வேளைகளில் கொடியதாயிருக்கும்.

இலையுதிர் கால விடுமுறை நாட்கள் அவர்களுக்குத் தனிச் சோதனை. அக்டோபர் முதல் வார இறுதியில், 21,000 பேர் அமரக்கூடிய மண்டபத்தில் அவர்களது பொது மாநாடு நடைபெறுகிறது. நகரமே திருவிழாக் கோலம் கொள்ளும். குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுவதைக் கண்ட ஐடஹோப் பையனுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. கிழக்கு ஐடஹோவில் உருளைக்கிழங்கு அறுவடைக்கென்றே பள்ளிகளுக்கு இலையுதிர் காலத்தில் விடுமுறை விடுகிறார்களாம். உறைபனி இறங்குமுன் கிழங்கை எடுத்தாக வேண்டும். “இந்த ஆண்டு லாரி ஓட்ட நான் இல்லை; தங்கை ஓட்டுகிறாள்” என்று கூறிவிட்டு, இலைகளை வேகமாக வாரத் தொடங்கினான்.

அக்டோபர் 31-ஆம் நாள் ஹாலோவீன். சகல புனிதர் திருநாளின் முந்திய மாலை என்பதே அப்பெயரின் பொருள். அதை இன்று நினைப்போர் சிலரே. பேய், பூதம் என வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். அன்று மாலை சீக்கிரமே அறைக்குத் திரும்பிவிடுமாறு நம் நண்பர்களுக்கு உத்தரவு. “ஆண்டு முழுதும் கதவைத் தட்டுகிற நாங்கள், எல்லாக் கதவுகளும் திறக்கிற ஒரே நாளில் உள்ளே இருக்கிறோம்!” என்று பிரேசில் இளைஞன் சிரித்தான்.

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் நாள். 1863-இல் லிங்கன் அறிவித்தது முதல் தேசிய அளவில் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் பெருநாள் அது. எத்தனை தொலைவிலிருந்தாலும் பிள்ளைகள் வீடு வந்து சேருவார்கள். வான்கோழி வறுவலும் மசித்த உருளைக்கிழங்கும் பரங்கிக்காய்ப் பணியாரமும் மேசையை நிறைக்கும். எங்கள் பங்கில் அன்று ஏழைகளுக்கும் தனித்திருப்போருக்கும் மண்டபத்தில் விருந்து. காலையிலேயே இருவரும் உதவிக்கு வந்துவிட்டனர். சபைக் குடும்பங்கள் இரண்டு அவர்களை அன்று தனித்தனியே உணவுக்கு அழைத்திருந்தன. இரண்டிலும் உண்ணாவிட்டால் மனம் நோகுமே என்பது அவர்கள் கவலை!

சமையலறையில் ஐடஹோப் பையன் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தான். திடீரெனக் கை நின்றது. “இந்நேரம் அம்மா இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்” என்றான். குரல் உடைந்தது.

அந்நாளில் அவர்கள் வீட்டாருக்கு வாரம் ஒருமுறை மின்னஞ்சல் எழுதலாம். தொலைபேசியில் பேசுவதோ கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே. என் கைப்பேசியை அவனிடம் நீட்டினேன். “பேசு. யாரும் அறியமாட்டார்கள்.”

நெடுநேரம் அதைப் பார்த்தான். “நன்றி, தந்தையே. வேண்டாம். கீழ்ப்படிவேன் என்று வாக்களித்திருக்கிறேன்” என்று சொல்லி, அடுத்த கிழங்கை எடுத்தான்.

நான் வெட்கினேன். இரக்கம் என்று எண்ணி நான் நீட்டியது அவனுக்குச் சோதனையாயிற்று. எனினும், அந்த விதி சரியானதுதானா என்ற கேள்வியும் என்னை விடவில்லை. சிறுவனாய்க் குருமடம் புகுந்த முதலாண்டில் பொங்கலன்று நானும் போர்வைக்குள் அழுதவன். மாதம் ஒரு கடிதம். அதையும் அதிபர் படித்த பின்பே தபாலில் சேர்ப்பார்கள். அக்கட்டுப்பாடு என்னை உறுதியாக்கியது என்று பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் என் தாய் அந்த மாதங்களை எப்படிக் கழித்தாள் என்று ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியபோது அவள் இல்லை.

நான் ஊர் திரும்பிய பின், 2019 பிப்ரவரியில் அச்சபை தன் விதியைத் தளர்த்தியது. இனி வாரந்தோறும் பெற்றோருடன் பேசலாம் என்ற செய்தியைப் படித்தபோது, ஐடஹோவில் ஒரு சமையலறையில் மணி ஒலிப்பதாகவே எண்ணி மகிழ்ந்தேன். கீழ்ப்படிதல் நல்லது; அதைக் கேட்பவர்கள் தாயின் மனத்தையும் எண்ணிப் பார்ப்பது அதனினும் நல்லது.

அன்பார்ந்த பெற்றோரே! படிப்பிற்காகவோ பிழைப்பிற்காகவோ இறைபணிக்காகவோ வீட்டைப் பிரிந்த யாரோ ஒருவருடைய பிள்ளை நம் தெருவிலும் தங்கியிருக்கலாம். அவன் மதமும் மொழியும் வேறாயிருக்கலாம். பண்டிகை நாளில் அவனையும் அழைத்து, பந்தியில் ஓர் இலை கூடப் போடுவோம். எங்கோ ஒரு தாயின் மனம் அன்று ஆறுதலடையும்.